தலையாட்டு வாங்காத கட்டுரை

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் கலைக்களஞ்சியப் பதிப்பகத்தின் இயக்குநர் அவர்களே! ஆசிரியர் குழுவின் பெரியோர்களே! முதல் வரிசையில் அமர்ந்திருக்கும், நம் தலைமை ஆசிரியரின் துணைவியாரான அம்மா அவர்களே, அவர் கையைப் பிடித்தபடி இருக்கும் மகளே! அச்சுப் பிரிவிலிருந்தும் பைண்டிங் பிரிவிலிருந்தும் வேலை உடுப்போடு வந்து சுவரோரம் நிற்கும் தோழர்களே! ஏதோ ஒரு கடவுளை நம்பியும், ஒன்றையும் நம்பாமலும் இந்த அரங்கை நிறைத்திருக்கும் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தத் துணை ஆசிரியையின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அழுதார்கள். நான் அழப்போவதில்லை. அழவேண்டியதை வீட்டில் அழுதுவிட்டேன். வரும் வழியில் பஸ்ஸிலும் அழுதேன், பக்கத்து சீட்டுப் பெண்மணி பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இந்த அரங்கத்துக்குள் நுழைந்தேன். இதோ, என் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறதே, இந்த பேனரைப் படித்தேன். கண்ணீர் அங்கேயே நின்றுவிட்டது. நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம் பொங்கி வந்தது! இரங்கல் கூட்டத்தில் கோபப்படலாமா என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். படலாம். யாருக்காகக் கூடியிருக்கிறோமோ அவருக்கு அநியாயம் நடந்திருந்தால் கட்டாயம் படலாம்.

பேனரில் என்ன இருக்கிறது? நம் தலைமை ஆசிரியரின் படம் இருக்கிறது. நல்ல படம், அவருக்குப் பிடித்த சாம்பல் நிறச் சட்டை. படத்துக்குக் கீழே ஒரு வாசகம்: ‘மதங்கள் பல, அவை சொல்லும் கடவுள் ஒன்றே.’ அதற்கும் கீழே அவர் பெயர். வாசகத்தின் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி! நாமெல்லாம் புத்தகம் போட்டுப் பிழைப்பவர்கள். மேற்கோள் குறிக்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியாதா? அந்த மனிதர் தம் வாயால் இதைச் சொன்னார் என்று பொருள். சொன்னாரா? யாரிடம் சொன்னார்? எந்த அறையில் சொன்னார்? ஒரே மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். அவர் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. யாராவது இதை எழுதிக்கொண்டு வந்தால் சிவப்புப் பேனாவை எடுத்து அடிப்பார். அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பேனரோடு போயிருந்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். பேனரை நாளைக்குக் கழற்றிவிடலாம். இதே வாசகம் ஐந்து பக்கக் கட்டுரையாகி, நம் கலைக்களஞ்சியத்தின் அடுத்த தொகுதியில், ‘கடவுள்’ என்ற தலைப்பில், அவர் பெயரோடு அச்சாகியிருக்கிறது! தாள்கள் கிடங்கில் அடுக்கிக் கிடக்கின்றன. நாளைக் காலை பைண்டிங் தொடங்கப்போகிறது. தைத்து, அட்டை போட்டு, நூலகம் நூலகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் அதுதான் அவர். அவருடைய பேத்தி வளர்ந்து தாத்தாவைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைத்தால் அந்த ஐந்து பக்கம்தான் அவள் கையில் கிடைக்கும். அதைத் தடுப்பதற்காகத்தான் இந்த மைக்குக்கு முன்னால் நிற்கிறேன்.

அவரோடு பழகி அறியாதவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘ஆனா ஐயா’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். யார் எதைச் சொன்னாலும் கடைசி வரைக்கும் கேட்பார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். ‘சரி... ஆனா?’ என்பார். அவ்வளவுதான், நாம் சொன்னதில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று நமக்கே புரிந்துவிடும். ‘எல்லாரும் கடைசியில ஒண்ணைத்தானே சார் சொல்றாங்க?’ என்று தெரியாத்தனமாக யாராவது கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு மதியச் சாப்பாடு ஆறிப்போகும். ‘ரெண்டு பேர் ஒண்ணையே சொல்றாங்கன்னு உங்களுக்குத் தோணுதுன்னா, ரெண்டு பேரையும் பாதிப் பேச்சுலயே நிறுத்திட்டீங்கன்னு அர்த்தம்’ என்பார்.

அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. வேறு எந்தப் பதிப்பகத்திலாவது இது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஒரு மதத்தின் கடவுளைப் பற்றிக் கட்டுரை எழுதி முடித்ததும் அதை அச்சுக்கு அனுப்பமாட்டார். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் வாசிப்பறைக்கு, அந்த மதத்தை மனதார நம்பும் ஒருவரை அழைப்பார். எழுதியவர் உரக்கப் படிக்கவேண்டும். கேட்பவர், ‘ஆமா, நாங்க நம்பறது இதைத்தான்’ என்று தலையாட்டவேண்டும். தலை ஆடவில்லையா? கட்டுரை மறுபடியும் மேசைக்கு வந்துவிடும். இதற்கு எங்கள் அலுவலகத்தில் ‘தலையாட்டு’ என்றே பெயர். ‘தலையாட்டு வாங்கியாச்சா?’ என்று அச்சுப் பிரிவிலிருந்தும் பைண்டிங் பிரிவிலிருந்தும் போன் வரும். வாங்காத கட்டுரைக்கு அவர்கள் மெஷினைத் தொடமாட்டார்கள். சுவரோரம் நிற்கிறார்களே, கேட்டுப் பாருங்கள்!

அம்மா சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தபோது எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள்: ‘ஊர்ல இருக்கற எல்லாச் சாமிக்கும் தலையாட்டு வாங்கறாரே, வீட்ல நான் சொன்னதை என்னிக்காவது ஒழுங்காத் திருப்பிச் சொல்லி என்கிட்ட வாங்கியிருக்காரா, கேளுங்க!’ ஆனா ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ‘சரி... ஆனா?’ என்றார். அம்மா டிபன் பாக்ஸை மேசையில் வைத்த வேகத்தில் பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது.

முதன்முதலில் தலையாட்டு கிடைக்காமல் மாட்டிக்கொண்டது யார் தெரியுமா? அவரேதான்! கிறிஸ்தவர்களின் திரித்துவத்தைப் பற்றித் தாமே எழுதினார். தந்தை, மகன், தூய ஆவி, மூவராக இருக்கும் ஒரே கடவுள். அதை எளிமையாக விளக்குகிறேன் பேர்வழி என்று, ஒரே பொருள்தான் பனிக்கட்டியாகவும் தண்ணீராகவும் ஆவியாகவும் இருக்கிறது என்று உவமை சொல்லியிருந்தார். கேட்க வந்தவர் ஒரு வழக்கறிஞர் அம்மையார், இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். பாதியிலேயே சிரித்துவிட்டார்.

‘தப்பா நினைக்காதீங்க சார். இந்த உவமைய எங்க சபைல எப்பவோ தள்ளிட்டாங்க.’

‘ஏம்மா? நல்லாத்தானே இருக்கு?’

‘நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தரே மூணு வேஷம் போடற மாதிரி ஆயிடுதே! நாங்க நம்பறது அது இல்லையே. மகன் தந்தைகிட்ட மன்றாடறாரு. தண்ணி போய்ப் பனிக்கட்டிகிட்ட மன்றாடுமா?’

அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்! இன்னொருவராக இருந்தால் சுண்டிப்போயிருக்கும். இவர் வாசிப்பறைக் கதவைத் திறந்து, ‘எல்லாரும் வாங்க! நான் தோத்துட்டேன்! டீ சொல்லுங்க!’ என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். ஒரு மதம் இன்னொன்றிலிருந்து எந்த இடத்தில் பிரிகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அவருக்கு அப்படி ஒரு கொண்டாட்டம்.

இஸ்லாம் பற்றிய கட்டுரையில் ஓர் உதவி ஆசிரியர், ‘மனிதன் எட்டமுடியாத தொலைவில் இருக்கும் கடவுள்’ என்று எழுதிவிட்டார். கேட்க வந்தவர் ஒரு பல் டாக்டர். உருவம் இல்லை, சரி. இணை இல்லை, சரி. ஒருவனே, சரி. எல்லாவற்றுக்கும் தலை ஆடியது. தொலைவு என்ற சொல் வந்ததும் நின்றுவிட்டது. ‘யாருங்க தூரம்னு சொன்னது? அவனை மாதிரி எதுவும் இல்லைன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். தூரம்னு மட்டும் எழுதாதீங்க. நான் ஒருத்தருக்குப் பல்லைப் புடுங்கறப்போ, புடுங்கற எனக்கும் கத்தற அவருக்கும் நடுவுலகூட அவன் இருக்கான்’ என்றார். கட்டுரை திரும்பி வந்தது. அந்த ஒரு வரியை மாற்றி எழுத உதவி ஆசிரியர் எத்தனையோ தடவை படியேறி இறங்கினார்.

ஒரே மதத்துக்குள்ளாவது எல்லோரும் ஒன்றைச் சொல்கிறார்களா? அதையும் பார்த்தோம். ஒரு மாமனாரும் மருமகனும் ஒன்றாக வந்தார்கள். மாமனார் அத்வைதி, கடவுளும் நானும் இரண்டில்லை என்பவர். மருமகனுக்கு அது ஆகாது. படிக்க ஆரம்பித்துப் பத்து வரி தாண்டவில்லை, மருமகன் குறுக்கே புகுந்தார். ‘மாமா, நானும் அவனும் ஒண்ணுன்னா நான் யாரைக் கும்பிடறது? கண்ணாடியைப் பார்த்துக் கும்பிடவா?’ மாமனார் சொன்னார்: ‘கும்பிடற வரைக்கும் நல்லாக் கும்பிடுங்க மாப்பிள்ளை. தெரிஞ்சதுக்கு அப்புறம் கும்பிட ஆள் ஏது?’ மருமகன் முறைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆனா ஐயா என்ன செய்தார்? ஒரு கட்டுரையை இரண்டாக்கினார். மாமனாருக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று. இரண்டுக்கும் தலையாட்டு வாங்கினார். இருவரும் இன்றைக்கு வந்திருக்கிறார்கள், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்!

‘பௌத்தம் கடவுளை மறுக்கிறது’ என்று எழுதியபோது, கேட்க வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தலையாட்டவில்லை. ‘மறுக்கறதையே வேலையா வெச்சிருக்கோம்னு ஆயிடுங்க. படைச்சவர்னு ஒருத்தரை வெச்சுக்கிட்டு எங்க பாதை கிளம்பல. துக்கம் ஏன் வருது, எப்படித் தீரும்? எங்க கேள்வி அங்கதான் ஆரம்பிக்குது’ என்றார். ஒரு வினைச்சொல்லை மாற்றுவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மெய்யியலாளர்களுக்கு யார் தலையாட்டுவது? அவர்கள் செத்து எத்தனையோ நூற்றாண்டு ஆயிற்றே! அதற்கும் வழி வைத்திருந்தார். அலுவலகத்தில் ஒருவரை நியமித்துவிடுவார். அவர் அந்தக் கட்டுரை முடியும் வரை அந்த மெய்யியலாளருக்காக வாதாடவேண்டும். பழைய கிரேக்கத்தில் ஒருவர் சொன்னாரே, எல்லாவற்றையும் அசைக்கும், தான் மட்டும் அசையாத ஒன்று என்று! அந்தக் கடவுள் தன்னை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கும். நீயும் நானும் இருப்பதே அதற்குத் தெரியாது. அதற்காக வாதாட எங்கள் நூலகரைப் போட்டார். நூலகர் பக்திமான். பாவம், தவித்துப்போனார். ‘ஐயா, அப்ப இதுகிட்ட வேண்டிக்கறது வீண்தானே?’ என்று அழமாட்டாத குறையாகக் கேட்டார். ‘வீண்தான். அதைத்தான் எழுதணும். மழுப்பக் கூடாது’ என்றார் ஆனா ஐயா. இயற்கையும் கடவுளும் ஒரே பொருளின் இரண்டு பெயர்கள் என்று சொன்னவருக்காக வாதாடியது நம் அச்சுப் பிரிவு மேஸ்திரி. அவர் அதை விடவே இல்லை. மழை வந்தாலும் ‘இதோ வந்துட்டார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியாக, கடவுள் மறுப்பு. அதற்குத் தலையாட்ட அழைக்கப்பட்டவள் நான். ஆமாம், எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அவர் எழுதியதை அவரே படித்தார். கூப்பிட்டும் பதில் வராத ஆஸ்பத்திரி வராந்தாவைப் பற்றி, இல்லை என்று சொன்ன பிறகு ஒருவருக்குக் கிடைக்கும் சுமையைப் பற்றி, விடுதலையைப் பற்றி! எனக்குள் இருந்ததை எனக்கே எடுத்துக் காட்டினார். தலையாட்டிவிட்டுக் கேட்டேன்: ‘ஐயா, நீங்களும் எங்க கட்சிதானா?’ கண்ணாடியைக் கழற்றினார். நான் எழுந்து ஓடிவிட்டேன். அவர் எதை நம்பினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வழக்கறிஞர் அம்மையாரைக் கேட்டால் எங்களவர் என்பார், பல் டாக்டரைக் கேட்டால் எங்களவர் என்பார். தன் கடவுளை மறைத்துவிட்டு அடுத்தவர் கடவுளுக்கு இவ்வளவு நியாயம் செய்த இன்னொருவரை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்!

எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு போகச் சொன்னவர் இல்லை அவர். ஒரு கூட்டம் ஒரு நாள் அலுவலகத்துக்குள் புகுந்தது. இன்னொரு மதத்தின் கடவுளைப் பொய் என்று எழுதவேண்டுமாம்! மேசையைத் தட்டினார்கள். ஆனா ஐயா நாற்காலிகள் போடச் சொன்னார். ‘தாராளமா எழுதலாம். உங்க பேர்லயே போடறேன். முதல்ல அவங்க என்ன நம்பறாங்கன்னு சொல்லுங்க. அவங்கள்ல ஒருத்தர் கேட்டுட்டு ஆமான்னு தலையாட்டணும். அதுக்கு அப்புறம் உங்க ஆட்சேபணை. அதுக்கு முன்னாடி இல்ல.’ மத்தியானம் முழுக்க முயன்றார்கள். இரண்டு வரிக்கு மேல் அவர்களால் போகமுடியவில்லை. எழுந்து போய்விட்டார்கள். சில நாள் கழித்துக் கல் வந்தது. வரவேற்பறைக் கண்ணாடி உடைந்து, அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். அந்தக் கல் என்ன வேலை செய்தது என்பதை இப்போது சொல்கிறேன்.

ஆனா ஐயா நோயில் விழுந்தார். பேச்சு போயிற்று. கை நடுங்கியது. கடைசி மாதங்களில், நண்பர்களே, அவர் தலை தானாக ஆட ஆரம்பித்தது. மேலும் கீழும், மேலும் கீழும், தூங்கும்போது தவிர நிற்கவே நிற்காது. ஊர் முழுக்கத் தலையாட்டு வாங்கிய மனிதருக்கு வந்த நோயைப் பாருங்கள்! நான் பார்க்கப் போவேன். எதைச் சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்று ஆடும் அந்தத் தலையைப் பார்க்கச் சகிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த நேரத்தில்தான் அலுவலகத்தில் அவர் மேசையிலிருந்த, தலையாட்டு வாங்கிய பதினான்கு கட்டுரைகளையும் எடுத்து, அரைத்து, ஐந்து பக்கமாக்கினார்கள். வழக்கறிஞர் அம்மையாரின் மன்றாட்டு போயிற்று. பல் டாக்டரின் நெருக்கம் போயிற்று. மாமனாரையும் மருமகனையும் ஒரே வரியில் கட்டிப்போட்டார்கள். பௌத்தருக்கு ஒரு கடவுளைக் கொடுத்தார்கள். என்னையும் விடவில்லை, ‘மறுப்பவர்களும் உள்ளூரத் தேடுவது அவனையே’ என்று எழுதிவிட்டார்கள்! யாரைக் கேட்டு? எந்த வாசிப்பறையில்? அதை எடுத்துக்கொண்டு நம் இயக்குநர் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டில் பக்கத்தில் நின்று படித்துக் காட்டினார். திரும்பி வந்து ஆசிரியர் குழுவிடமும் அச்சுப் பிரிவிடமும் சொன்னார்: ‘ஐயா தலையாட்டிட்டாரு.’

தலையாட்டிவிட்டாரா?

மகள் அங்கே இருந்தாள். நேற்றுதான் என்னிடம் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ‘அப்பா ஆமான்னா என் விரலை அமுக்குவார் அத்தை. வேண்டாம்னா விட்டுடுவார். சார் முதல் வரியைப் படிச்சதுமே விரலை விட்டுட்டார். கையைப் போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டார். சார், அப்பா வேண்டாம்ங்கறார்னு சொன்னேன். இல்லம்மா, தலையாட்டறாரு பாருன்னு சொல்லிட்டுப் பேப்பரை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டார்.’

கேட்டீர்களா! அது நோய்! நோயிடம் போய்ச் சம்மதம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்! வாழ்நாள் முழுக்க ஒரு தலை உண்மையாக அசைகிறதா என்று பார்த்துப் பார்த்து வேலை செய்தவரின் தலை தன் வசம் இல்லாமல் ஆடிய நேரம் பார்த்து, அதை எடுத்துக்கொண்டீர்கள்! எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நேற்றிரவு இந்த மேடையில் உங்களைச் சொல்வதற்கு என்னென்னவோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன், இயக்குநர் அவர்களே. எல்லாம் காரமான வார்த்தைகள்.

ஆனா?

இந்தப் படத்தில் இருக்கிற மனிதர் என்னை விடமாட்டேன் என்கிறார். முதலில் எதிரில் இருப்பவரின் தலையாட்டு, அப்புறம்தான் ஆட்சேபணை. அவர் விதியை மீறி அவருக்காகப் பேசுவது எனக்கு அழகில்லை. ஆகவே உங்கள் பக்கத்தை நான் சொல்கிறேன். நான் சொல்வது சரியா என்று நீங்கள் பாருங்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை. போன ஆண்டு விழாவில் இதே மேடையில் நீங்களே சொன்னீர்கள், நீங்கள் சிறு பையனாக இருந்தபோது மதக் கலவரத்தில் உங்கள் அண்ணன் போய்விட்டார் என்று. கடைக்குப் போனவர் திரும்பவில்லை என்று. அன்றிலிருந்து ‘உங்கள் கடவுள் வேறு, எங்கள் கடவுள் வேறு’ என்று யார் பேசினாலும் உங்களுக்கு அந்தத் தெருதான் கேட்கிறது. வரவேற்பறையில் கல் விழுந்தபோது, நெற்றியில் ரத்தத்தோடு நின்ற பெண்ணை நீங்கள்தான் காரில் ஏற்றிக்கொண்டு ஓடினீர்கள். வேறுபாடு வேறுபாடாகப் பதினான்கு கட்டுரைகள் போட்டால், அதிலிருந்து ஒரு வரியை வெட்டி எடுத்து எவனாவது ஒரு கூட்டத்தை உசுப்பிவிடுவான் என்று பயந்தீர்கள். எல்லாம் ஒன்று என்று அச்சடித்துவிட்டால் ஒரு பிள்ளையாவது பத்திரமாக வீடு திரும்பும் என்று நம்பினீர்கள். ஆஸ்பத்திரியில் அந்தத் தலை ஆடியபோது அது சம்மதமாக இருக்கவேண்டும் என்று உங்களுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அதனால் பெண் சொன்னது காதில் ஏறவில்லை. நான் சொன்னது சரியா? நீங்கள் நினைத்தது இதுதானா?

நன்றி. தலையாட்டிவிட்டீர்கள். பின்வரிசை வரைக்கும் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.

இப்போது என் ஆட்சேபணை. உங்கள் அண்ணனைக் கொன்றவன் நம் கட்டுரைகளைப் படித்துவிட்டா வந்தான்? அடுத்தவர் எதை நம்புகிறார் என்று அவனால் இரண்டு வரி சொல்லியிருக்க முடியுமா? அன்றைக்கு நம் அலுவலகத்தில் மேசையைத் தட்டியவர்களால் முடிந்ததா? தெரியாதவன்தானே கல்லை எடுத்தான்! நீங்கள் அந்தக் கல்லுக்குப் பயந்து, தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டீர்கள். வேண்டினால் இரங்கும் கடவுளும், நாம் இருப்பதே அறியாத கடவுளும் ஒன்றா? படைத்தவன் என்று யாரும் இல்லை, ஆசையை வென்று விடுபட்ட உயிர்களையே வணங்குகிறோம் என்னும் சமணரிடம், நீங்களும் இதைத்தான் சொல்கிறீர்கள் என்றால் அவர் ஏற்பாரா? கடைசியில் எல்லாம் ஒன்றாகவே இருக்கலாம். அப்படி நம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் தனிக் கட்டுரை எழுதித் தலையாட்டு வாங்கி வைத்தோமே! அது அவர்கள் நம்பிக்கை. அதை எடுத்து எல்லோர் வாயிலும் திணித்துவிட்டு ஒற்றுமை என்று பேர் வைத்தால், மற்றவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்றுதானே பொருள்? அதை ஓர் ஊமையான மனிதரின் பெயரில் செய்யலாமா?

என் பேச்சை நம்பவேண்டாம். இந்த அரங்கமே இன்றைக்கு வாசிப்பறை. அவர் தலையாட்டு வாங்கிய அத்தனை பேரும் இங்கே இருக்கிறீர்கள். நான் படிக்கிறேன், கேளுங்கள். ‘மதங்கள் பல, அவை சொல்லும் கடவுள் ஒன்றே.’ இது நாங்கள் நம்புவதுதான் என்பவர்கள் தலையாட்டுங்கள்.

மூன்றாம் வரிசை? பல் டாக்டர்? மாப்பிள்ளை? தலைமையாசிரியர் ஐயா?

மாமா அவர்கள் மட்டும் ஆட்டுகிறார். சரி, அது அவருடைய கட்டுரை! ஆனால் அவரும் ‘எனக்கு மட்டும்தான்’ என்று விரலைத் தூக்கிக் காட்டுகிறார், பாருங்கள். பக்கத்தில் மாப்பிள்ளை முறைப்பதையும் பாருங்கள். இன்றைக்கு முதல் தடவையாக நானும் சிரிக்கிறேன்.

ஆனா ஐயா! உங்கள் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அந்தப் பதினான்கு கட்டுரைகளின் மூலப் பிரதிகளும் என் மேசையில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பெயரில் அவைதான் போகும். இனிமேல் எழுதப்போவதும் அந்த வாசிப்பறைக்கு ஏறி இறங்கித்தான் போகும். தொகுதி தாமதமானால் ஆகட்டும். கண்ணாடி உடைந்தால் வேறு கண்ணாடி போடுவோம், வரவேற்பறையில் அந்தப் பெண்ணுக்குப் பதில் நான் உட்காருவேன். அம்மா, உங்களுக்கும் மகளுக்கும் இது நான் தரும் வாக்கு.

சுவரோரம் நிற்கும் தோழர்களே, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. போனில் நீங்கள் வழக்கமாகக் கேட்பீர்களே, அதை இப்போது கேளுங்கள்.

‘தலையாட்டு வாங்கியாச்சா மேடம்?’

கேட்டுவிட்டார் பைண்டிங் மேஸ்திரி. இல்லை தம்பி, வாங்கவில்லை. 

‘அப்ப நாளைக்கு மெஷினைத் தொடமாட்டோம்.’

நான் சொல்லவந்தது முடிந்துவிட்டது. இயக்குநர் அவர்களே, உங்களுக்கு மறுப்பு இருக்கலாம். மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதற்கு முன்னால், நான் இவ்வளவு நேரம் சொன்னது என்ன என்பதை, நான் கேட்டுத் தலையாட்டும்படி ஒரு தடவை சொல்லிவிடுங்கள். இதோ மைக். நான் இங்கேயே நிற்கிறேன்.